காடோங் கிழங்கோடு மல்லுக்கட்டு

எனக்குக் கோபம் வந்தால்தான் மூளை வேலை செய்யும் என்று என் வீட்டுக்காரர் அடிக்கடி சொல்லிச் சிரிப்பார். சப்பான்காரன் அவரைச் சயாமில் ரயில் பாதை போடுகிற வேலைக்கு லாரியில் ஏற்றிக்கொண்டு போன பிறகு அப்படிச் சொல்லிச் சிரிக்க வீட்டில் ஆள் இல்லாமல் போனது. ஆனால் அவர் சொன்னது உண்மைதான். அந்த வருஷம் ஒரு கிழங்கின் மேல் எனக்கு வந்த கோபத்தை நினைத்தால் இந்த வயதிலும் பல்லைக் கடிக்கிறேன்.

மலாயாவில் எங்கள் ரப்பர் தோட்டம் கோலா கிளாவாங் போகிற மலைப்பாதைக்குக் கீழே இருந்தது. சப்பான்காரன் வந்ததும் வெள்ளைக்காரத் துரை ஓடிப்போனார், ரப்பர் உருட்டுகிற ஸ்டோரை மூடினார்கள், மரத்தில் பால் வெட்டுவது நின்றது. ரப்பரை யாரும் வாங்கவில்லை. பாதி மரங்களைச் சாய்த்துவிட்டு மரவள்ளி போடச் சொன்னார்கள். போட்டோம். ஏழெட்டு மாதம் காத்திருந்து, கிழங்கு கை பருமனுக்கு வந்த சமயத்தில் மலையிலிருந்து காட்டுப்பன்றிக் கூட்டம் இறங்கியது. இரண்டே நாளில் கொல்லை முழுவதையும் உழுது போட்டுவிட்டுப் போனது. மிச்சம் இருந்த குச்சிகளை மறுபடி நட்டோம். அது விளைய இன்னும் ஏழெட்டு மாதம். தோட்டத்துக் கணக்கு எழுதுகிற கிராணி அளந்து கொடுத்த அரிசியோ சுண்ணாம்பு கலந்த அரிசி, கழுவக் கழுவப் பால் மாதிரி வெள்ளைத் தண்ணீர் வரும். அதுவும் மாதத்தில் பத்து நாளைக்குத் தாங்காது.

எனக்கு ஆறு வயதில் ஒரு பையன், மூன்று வயதில் ஒரு பெண். பசி என்றால் என்ன என்று பெரியவர்கள் பேசுவார்கள். பிள்ளைகள் பேசுவதில்லை, விளையாடுவதை நிறுத்திவிடுவார்கள். என் பிள்ளைகள் இரண்டும் வரிசை வீடுகளான எங்கள் லயத்து வாசலில் சுவரில் சாய்ந்து சும்மா உட்கார ஆரம்பித்திருந்தன. அதைப் பார்க்கிற போதெல்லாம் எனக்கு அழுகை வராது, ஆத்திரம்தான் வரும்.

பக்கத்துக் கதவில் இருந்தவளை நான் அக்கா என்று கூப்பிடுவேன். சொந்தம் ஒன்றும் இல்லை, என்னைவிட நாலைந்து வயது மூத்தவள், பால் வெட்டுகிறவள். அவள் புருஷனையும் என் புருஷனையும் ஒரே லாரியில்தான் ஏற்றினார்கள். லாரி போன திசையையே இரண்டு பேரும் ஒரே நேரம் பார்த்துக்கொண்டு நின்றோம். அதற்குப் பிறகு எங்களுக்குள் உன் அடுப்பு என் அடுப்பு என்று கிடையாது. அவளுக்கு ஐந்து வயதில் ஒரே பெண்.

விறகு பொறுக்கக் காட்டோரம் போன ஒரு நாள்தான் அந்தக் கிழங்கைப் பார்த்தேன். முள் கொடி, ஒரு காம்பில் மூன்று இலை. அடியில் மண்ணுக்கு மேலேயே பாதி தெரிகிறபடி ஒரு குழந்தையின் தலை அளவுக்குக் கிழங்கு. ஒன்று இரண்டு இல்லை, அந்தச் சரிவு முழுக்க அதுதான். இத்தனை நாள் இதைத் தாண்டித் தாண்டித்தானே போனேன், கண் இருந்தும் குருடியாக இருந்தேனே என்று என்னையே திட்டிக்கொண்டேன். மலாய்க்காரர்கள் இதைக் காடோங் என்பார்கள், அவர்கள் சாப்பிடுகிற கிழங்குதான் என்று லயத்தில் யாரோ சொன்னது நினைவுக்கு வந்தது. அது போதும் எனக்கு. சுமக்க முடிந்ததைச் சுமந்துகொண்டு ஓடி வந்தேன்.

கிழங்கை அறுத்ததும் கை அரித்தது. அரிக்கிற கிழங்கை என்ன செய்ய வேண்டும் என்று தமிழச்சிக்குச் சொல்லித்தர வேண்டுமா? கருணைக் கிழங்கு பார்க்காதவளா நான்! பெரிய பெரிய துண்டமாகப் போட்டு, புளி கிடைக்காததால் புளியங்கொழுந்தை அள்ளிப்போட்டு, மூன்று தடவை கொதிக்கவைத்துத் தண்ணீரை வடித்தேன். நன்றாக மாவாக வெந்திருந்தது. எங்கள் லயத்தில் புதிதாக எது சமைத்தாலும் முதல் கிண்ணம் பக்கத்து வீட்டுக்குப் போகும், அதன் பிறகுதான் நம் பிள்ளைகளுக்கு. அந்த வழக்கத்தை நான் ஒருநாளும் விட்டதில்லை. அன்றும் விடவில்லை. முதல் கிண்ணம், நிறைந்த கிண்ணம், அக்காவின் மகளுக்குப் போனது.

கால் மணி நேரம்கூட ஆகியிருக்காது. என் பிள்ளைகள் இரண்டு வாய் வைத்ததும் தொண்டை எரிகிறது என்று துப்பிவிட்டன. அதே நேரம் அடுத்த வீட்டில் அக்கா அலறினாள். ஓடினேன். அந்தப் பெண் குழந்தை வாந்தி எடுத்து, கண் சொருகி, கழுத்து நிற்காமல் கிடந்தாள். தோட்டத்து ஆஸ்பத்திரியில் மருந்து கட்டுகிற டிரெஸரும் இல்லை, மருந்தும் இல்லை. வாயில் விரலை விட்டு இன்னும் வாந்தி எடுக்கவைத்தோம், தண்ணீர் புகட்டினோம், கன்னத்தில் தட்டிக்கொண்டே இருந்தோம். மறுநாள் மத்தியானம்தான் பிள்ளை கண்ணைத் திறந்து அம்மாவைப் பார்த்தாள்.

அக்கா என்னை அடிக்கவில்லை. அடித்திருந்தால் எனக்கு ஆறுதலாக இருந்திருக்கும். வாசலில் நின்று, லயம் முழுக்கக் கேட்கும்படி சொன்னாள்.

"அந்தச் சப்பான்காரனே தேவலாம்லா. அவன் பசியில போட்டான், நீ வெசத்துல போட்ட. இனிமே ஒங் கையால பச்சத் தண்ணி வாங்க மாட்டேன்."

வீட்டுக்குள் வந்து மிச்சம் இருந்த கிழங்கைக் கொட்டப் போனேன். சட்டியைத் தூக்கியவள் அப்படியே நின்றேன். இதே கிழங்கு மலைக்கு அந்தப்பக்கம் மலாய்க்காரர் கிராமமான கம்பத்தில் ஒரு வீட்டில் வெந்து சோறாகிறது, என் வீட்டில் மட்டும் விஷமாகிறது என்றால் அது கிழங்கின் குற்றமா, என் குற்றமா? தெரிந்துகொள்ளாமல் விடுவதில்லை என்று நினைத்தேன். ரோஷம்தான். ஆனால் ரோஷம் மட்டும் இல்லை. அந்தச் சரிவில் இன்னும் நூறு கிழங்கு கிடந்தது, என் பிள்ளைகள் சுவரில் சாய்ந்து உட்கார்ந்திருந்தார்கள்.

முன்பு வாழைப்பழம் கொண்டுவந்து விற்ற மலாய்க்காரப் பெண் ஒருத்தி தோட்டத்துக்கு எப்போதாவது வருவாள். அவளை வழிமறித்து, எனக்குத் தெரிந்த அரைகுறை மலாயில் காடோங்கை எப்படிச் சாப்பிடுவீர்கள் என்று கேட்டேன். மூன்று விரலைக் காட்டினாள். மூன்று நாள், தண்ணீர், அவ்வளவுதான் என்றாள். போய்விட்டாள்.

அப்படியே செய்தேன். அதே பெரிய துண்டுகள், பெரிய சட்டி நிறையத் தண்ணீர், மூன்று நாள். பிறகு வேகவைத்து, இந்தத் தடவை பிள்ளைகள் கிட்டேகூட வராமல் விரட்டிவிட்டு, எங்களிடம் மிஞ்சியிருந்த ஒரே கோழிக்குப் போட்டேன். கோழி ஆசையாகக் கொத்தியது. கொஞ்ச நேரத்தில் கள்ளுக்கடையிலிருந்து வருகிறவன் மாதிரி தள்ளாடியது. பிறகு விழுந்தது. செத்த கோழியைச் சாப்பிடவும் பயம். அதைக் குழிதோண்டிப் புதைக்கும்போது அந்த மலாய்க்காரியை நான் வைத வசவை எழுத முடியாது. வேண்டுமென்றே பொய் சொன்னாள், தமிழன் ஒழியட்டும் என்று நினைத்திருக்கிறாள் என்றே நம்பினேன். மறுபடி அவளைத் தேடிப் போய்க் கேட்டிருக்கலாம். போகவில்லை. என் திமிர் விடவில்லை.

கோழி போய்விட்டது, அடுத்து யாருக்குக் கொடுத்துப் பார்ப்பது? யோசித்து ஒரு வழி கண்டுபிடித்தேன். பால் பிடிக்க மரத்தில் கட்டுகிற, மங்கு என்கிற வெள்ளைக் கிண்ணங்கள் ஸ்டோர் வாசலில் கேட்பாரற்றுக் குவிந்து கிடந்தன. நாலைந்து மங்கு எடுத்து வந்தேன். ஓடையில் துணியைப் போட்டுப் பிடித்தால் சின்ன மீன் குஞ்சுகள் அகப்படும். மங்குக்கு ஒரு மீன். ஊறின கிழங்கில் ஒரு துண்டை நசுக்கி அதில் போட்டுவிட்டு உட்கார்ந்து பார்ப்பேன். மீன் வயிற்றைக் காட்டி மிதந்தால் தோல்வி. லயத்துப் பெண்கள் குழாயடிக்குப் போகிற வழியில் நின்று பார்த்துவிட்டுத் தலையில் அடித்துக்கொண்டு போனார்கள். புருஷன் போன துக்கத்தில் இவளுக்குப் புத்தி பேதலித்துவிட்டது என்று பேசிக்கொண்டார்கள். பேசட்டும்.

ஐந்து நாள் ஊறவைத்தேன். மீன் செத்தது. ஏழு நாள் ஊறவைத்து, காலையிலும் மாலையிலும் தண்ணீரை மாற்றினேன். மீன் செத்தது, ஆனால் மெதுவாகச் செத்தது. சாம்பலைத் தேய்த்து ஊறவைத்தேன். இன்னும் மெதுவாகச் செத்தது. இது எனக்குப் பைத்தியம் பிடிக்கிற நிலைமை. முழுக்கத் தோற்றால் விட்டுவிடலாம். கொஞ்சம் கொஞ்சமாக ஏதோ சரியாகிக்கொண்டே வருகிறது, ஏன் சரியாகிறது என்று மட்டும் பிடிபடவில்லை. அரிப்பில் முழங்கை வரை தோல் உரிந்தது. அக்கா என் வாசலைக் கடக்கும்போது மகளைத் தன் அந்தப்பக்கம் மாற்றிப் பிடித்துக்கொண்டு போவாள். என் நிழல்கூட அந்தப் பிள்ளை மேல் படக் கூடாது என்கிற மாதிரி. அவள் மகளின் கால் வீங்க ஆரம்பித்திருந்ததை நான் பார்த்தேன். விரலால் அமுக்கினால் குழி விழுகிற வீக்கம். பசி வீக்கம்.

இப்படி ஒரு மாதம் ஓடியது.

மண்ணெண்ணெய் கிடைக்காத காலம் அது. அடுப்பு மூட்டுவதற்கு ரப்பர்த் துண்டுதான். ஒரு காலை ரப்பர் தேடி ஸ்டோர் பின்பக்கம் போனேன். கல்யாணமாகி வந்ததிலிருந்து நான் வேலை செய்த இடம் அந்த ஸ்டோர்தான். பாலை மருந்து ஊற்றி உறையவைத்து, அந்தக் கட்டியை மிஷினில் கொடுத்து மெல்லிய தகடாக உருட்டுவது என் வேலை. சீட் என்போம். உருளை மேல் எந்நேரமும் தண்ணீர் கொட்டிக்கொண்டே இருக்கும். கட்டி நசுங்க நசுங்கப் புளித்த தண்ணீர் வழிந்து ஓடும். சீட் கொஞ்சம் தடித்துவிட்டால் போதும், கிராணி அதை என் முகத்துக்கு நேரே ஆட்டிக் கத்துவார். எதற்கு இந்த மனுஷன் நூல் கனத்துக்கு உயிரை எடுக்கிறார் என்று நான் வைவேன். ஏன் என்று ஒருநாளும் கேட்டதில்லை.

துரை ஓடிய அன்றைக்கு அவசரத்தில் உருட்டாமல் வீசிய கட்டி ஒன்று சுவர் ஓரம் கிடந்தது. வருஷக்கணக்காக வெயிலிலும் மழையிலும் கிடந்து கறுத்து, கல் மாதிரி ஆகியிருந்தது. வீட்டுக்குத் தூக்கி வந்து கத்தியால் பிளந்தேன். உள்ளே பார்த்தால் வெள்ளை. வெளேரென்று அன்றைக்கு உறைந்த பால் போல. விரலை வைத்தால் ஈரம் கசிந்தது, நாற்றம் குடலைப் பிடுங்கியது. இத்தனை வெயிலும் மழையும் அதன் நடுவுக்குப் போகவே இல்லை.

கத்தி கையிலேயே இருந்தது. பிறகு எழுந்து, சட்டியில் ஏழு நாளாக ஊறிக்கொண்டிருந்த காடோங் துண்டு ஒன்றை எடுத்து, அதையும் நடுவில் பிளந்தேன். ஓரத்தைச் சுரண்டி நாக்கு நுனியில் வைத்தேன். ஒன்றும் இல்லை. துப்பினேன். நடுவிலிருந்து துளி சுரண்டி வைத்தேன். நாக்கைத் தேள் கொட்டியது.

சிரித்தேன்! ஒரு வருஷத்துக்கு மேலாகச் சிரிக்காத சிரிப்பு, சத்தமாக, வாயில் எச்சில் ஒழுக ஒழுகச் சிரித்தேன். என் பையன் வாசலிலிருந்து ஓடி வந்து பயந்து போய்ப் பார்த்தான். அவனைத் தூக்கித் தட்டாமாலை சுற்றினேன். தண்ணீர் நடுவுக்குப் போகவில்லை, அவ்வளவுதான்! நாளைக் கூட்டி என்ன பிரயோசனம், துண்டைத் தடியாகப் போட்டால்? ஸ்டோரில் ஏன் மெலிதாக உருட்டினோம், ஏன் தண்ணீர் நிற்காமல் கொட்டியது, கிராணி ஏன் கத்தினார், எல்லாம் ஒரே நொடியில் திறந்துகொண்டது. எட்டு வருஷம் என் கையாலேயே செய்த வேலை, என் தலைக்கு அது தெரியவே இல்லை. நிற்கிற தண்ணீரில் விஷமும் கூடவே நிற்கும். ஓடுகிற தண்ணீர்தான் அதைக் கொண்டுபோகும்.

அந்த மலாய்க்காரி பொய் சொல்லவில்லை. பல மாதம் கழித்து அவளைப் பார்த்துக் கேட்டபோது, மெல்லிசாகத்தான் சீவ வேண்டும், ஆற்றில்தான் போட வேண்டும், இதைப் போய் யாராவது சொல்வார்களா என்று ஆச்சரியப்பட்டாள். நாம் ஒருத்தருக்குச் சோறு பொங்கச் சொல்லிக்கொடுத்தால் அரிசியைக் களைய வேண்டும் என்று சொல்வோமா? அவளை வைததற்கெல்லாம் மனதுக்குள் மன்னிப்புக் கேட்டுக்கொண்டேன். வாய்விட்டுக் கேட்க மலாய் போதவில்லை.

அன்றே கத்தியைத் தீட்டினேன். விரல் தெரிகிற அளவுக்கு மெலிதாகக் கிழங்கைச் சீவினேன். ஸ்டோர் மிஷினில் கொடுத்து உருட்டினால் என்ன என்றுகூடத் தோன்றியது. நல்லவேளை, சாவி கிராணியிடம் இருந்தது. சாம்பல் பிசறி, கல்லை ஏற்றி ஒரு பகல் அழுத்திவைத்து, வழிந்த நீரைக் கொட்டிவிட்டு, பிரம்புக் கூடையில் நிரப்பி ஓடையில் தண்ணீர் வேகமாக ஓடுகிற இடத்தில் கட்டினேன். ஐந்து நாள். தினமும் போய்க் கூடையைக் குலுக்கிப் புரட்டிவிட்டு வந்தேன். ஆறாம் நாள் மங்கில் மீனைப் போட்டு, சீவலை நசுக்கிப் போட்டு, பக்கத்திலேயே உட்கார்ந்தேன். மீன் சுற்றியது. மத்தியானம் வரை பார்த்தேன், சுற்றிக்கொண்டே இருந்தது. மறுநாள் காலையிலும் சுற்றியது. அதைக் கொண்டுபோய் ஓடையில் விட்டுவிட்டு வந்தேன்.

சீவலைக் காயவைத்து, வேகவைத்தேன். இந்தத் தடவை முதல் கிண்ணம் எங்கும் போகவில்லை. பிள்ளைகளிடம், நான் சொல்லாமல் தொட்டால் கையை உடைப்பேன் என்றேன். குழாயடியில் எல்லாரும் பார்க்கிற இடமாகப் பார்த்து உட்கார்ந்து, காலையில் ஒரு வாய் சாப்பிட்டேன். எனக்கு ஏதாவது ஆனால் நாலு பேர் கண்ணில் படட்டும் என்றுதான். மத்தியானம் ஒரு பிடி சாப்பிட்டேன். மறுநாள் காலையில் ஒரு தட்டு நிறையச் சாப்பிட்டேன். தொண்டை எரியவில்லை, தலை சுற்றவில்லை. என் பிள்ளைகள் எதிரே உட்கார்ந்து என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். அந்த இரண்டு நாள் அவர்களுக்குக் கொடுக்காமல் நான் மட்டும் தின்றதுதான் என் வாழ்க்கையிலேயே நான் செய்த கஷ்டமான வேலை.

அந்தத் தட்டை நான் காலி செய்கிற நேரம் அக்கா வந்தாள். மகளை இடுப்பில் தூக்கி வந்தாள். அந்தப் பிள்ளையால் நடக்க முடியவில்லை. எதிரில் உட்கார்ந்து என் கண்ணையே உற்றுப் பார்த்தாள்.

"மயக்கம் வருதா?"

"இல்லக்கா."

"நாக்கு?"

"நல்லாத்தான் இருக்கு."

"காட்டு."

காட்டினேன். குனிந்து பார்த்தாள். பிறகு கையை நீட்டினாள்.

"எனக்கு வையி."

"நாளைக்குச் சாப்பிடுக்கா. இன்னும் ஒரு நாள் எனக்கு என்னாகுதுன்னு பாத்துக்குவோம்."

"நாளைக்கு வரைக்கும் இவ தாங்க மாட்டா." மகளை இடுப்பிலிருந்து இறக்கி என் மடியில் உட்காரவைத்தாள். "எனக்கு ஏதாச்சும் ஆச்சுன்னா இவள நீயே வச்சிக்க. வேற யாருகிட்டயும் கொடுத்துராத."

என் கையால் பச்சைத் தண்ணீர் வாங்க மாட்டேன் என்றவள் பெற்ற பிள்ளையை என் மடியில் வைத்துவிட்டுச் சாப்பிட்டாள். மெதுவாக, ஒவ்வொரு வாயையும் நாக்கில் வைத்துப் பார்த்துச் சாப்பிட்டாள். நான் அவளைப் பார்க்கவில்லை, பார்க்கத் தைரியம் இல்லை. மடியில் இருந்த பிள்ளையின் வீங்கின காலைப் பிடித்துக்கொண்டிருந்தேன். எனக்கு எல்லாம் தெரியும் என்று சிரித்தேனே, அந்தச் சிரிப்பெல்லாம் எங்கே போனதோ தெரியவில்லை. எனக்குத் தெரிந்தது சரியாக இருக்க வேண்டுமே, சரியாக இருக்க வேண்டுமே என்று மட்டும் மனசு அடித்துக்கொண்டது. வெயில் ஏறி உச்சிக்கு வரும் வரை அந்தப் பிடியை விடவில்லை.

உச்சி வெயிலில் அக்கா எழுந்தாள். நாலடி நடந்து பார்த்தாள். திரும்பி வந்து உட்கார்ந்தாள்.

"உப்புதான் இல்ல," என்றாள். பிறகு மகளின் முகத்தைத் தன் பக்கம் திருப்பி, "புள்ளைக்கு வையி, தங்கச்சி," என்றாள்.

வைத்தேன். பிள்ளை அவசரமாக அள்ளியதில் பாதி தரையில் சிந்திவிட்டது. சிந்தியதை அக்கா ஒவ்வொன்றாகப் பொறுக்கி, மண்ணை ஊதிவிட்டு, தன் வாயில் போட்டுக்கொண்டாள்.